சிறுவர் வாங்கிய காடு

பிறநாடொன்றைப் பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்கையில் தலைநகரையும் சனத்தொகையையும் ஒப்புவிக்கச் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். நானோ ஸ்பானிய மொழி வழங்கும் கொஸ்டா ரிக்காவை அதன் காட்டிலிருந்தே தொடங்குவேன்.

அங்கு மொன்ரெவேர்டே மலைக்காடு அழிவதைக் கேள்வியுற்ற சுவீடன் பள்ளிச் சிறுவர், 1987இல் பணஞ் சேர்த்துக் காணி வாங்க உதவினர். பல நாட்டுச் சிறுவரும் இணைந்தனர். இன்று ஏறக்குறைய 22,000 ஹெக்டேயர் பரப்புடைய அவ்வனத்துக்குச் ‘சிறுவரின் நித்திய வனம்’ என்றே பெயர்.

அதன்பின், கோப்பி சுமந்த மாட்டுவண்டிச் சில்லுகளிலே வண்ணக்கோலந் தீட்டிய மக்களையும், 1948இல் இராணுவத்தையே அவர்கள் கலைத்ததையும் கூறலாம். பிள்ளைகள் தாமாகவே வினாத் தொடுப்பார்கள். தலைநகரின் பெயர் பரீட்சையோடு மறந்துபோகலாம். தம் வயதினர் காத்த காடு மறக்குமா?