கைவைத்தலும் மக்கள் இசைவும்

திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தில் மார் இவானியோஸின் கல்லறை இருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள பாளையத்திலே இலத்தீன் பேராலயம் நிற்கிறது. அதற்கு அருகே தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். ஒரே நகரில் மூன்று ஆயர்பீடங்கள்! இவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்னும் வினா, கிறிஸ்தவ சமயத்தின் தொடக்க நாள்களிலேயே எழுந்ததாகும்.

எருசலேமில் பந்தி விசாரணையைப் பற்றி முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் தாமாகவே ஆள்களை நியமித்துவிடவில்லை. "நீங்களே எழுவரைத் தெரிந்தெடுங்கள்" என்று சபையாரிடம் விட்டனர். சபை தெரிந்தெடுத்தது; தூதர்கள் அவர்கள்மேல் கைவைத்து மன்றாடினர். மக்களின் இசைவு ஒன்று, தூதர் வழிவந்த கைவைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே அன்றைய தலைமை. கிரேக்க மொழியில் ஆயரைக் குறிக்கும் 'எபிஸ்கோபோஸ்' என்னும் சொல்லுக்கு 'மேற்பார்ப்பவர்' என்பதே பொருள். தமிழ் வேதாகமம் அதனைக் 'கண்காணி' என்று பெயர்த்தது. கண்காணி உடைமைக்காரன் அல்லன். பிறர் உடைமைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

இவ்விரண்டில் ஒன்று இல்லாதுபோனால் என்னவாகும்? அதற்கு விடை நம் மலையாளக் கரையிலேயே கிடைக்கிறது. புனித தோமாவின் மரபினர் எனப்படும் கிறிஸ்தவர்களுக்கு நெடுங்காலம் ஆயர்கள் கீழ்த்திசைத் திருச்சபையிலிருந்து வந்தனர். அவர்கள் திருச்சடங்குகளை நிறைவேற்றினர். ஆட்சியை நடத்தியவரோ உள்நாட்டு அர்க்கதியாக்கோன். ஊர்க்காரியங்களைப் பள்ளியோகம் கூடி முடிவு செய்தது. 1599-இல் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம் இந்த ஒழுங்கைக் குலைத்தது.

1652-இல் அகத்தள்ளா என்னும் கீழ்த்திசை ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். போர்த்துக்கேயர் அவரைத் தடுத்து வைத்துப் பின்னர்க் கப்பலேற்றிக் கொண்டுபோயினர். மக்கள் கொதித்தனர். 1653 ஜனவரி 3-ஆம் நாள் மட்டாஞ்சேரியிலே சிலுவையின்முன் திரண்டு, இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர். அதுவே கூனன் குரிசு சத்தியம். அவ்வாண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் அர்க்கதியாக்கோன் தோமாவின்மேல் கைவைத்து, அவரை ஆயராக்கினர். அவரே முதலாம் மார் தோமா.

மக்கள் இசைவு பெருகி நின்றது. ஆனால் கைவைத்தவர்களுள் ஓர் ஆயரும் இல்லை. இக்குறையே அவர்தம் வழியினரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உறுத்தியது. 1772-இல் ஆறாம் மார் தோமா, தாம் ஏற்கெனவே தலைவராக இருந்தும், வெளிநாட்டு ஆயரிடம் புதிதாய் அபிஷேகம் பெற்று மார் தியோனிசியோஸ் ஆனார். மறுபுறம், மக்கள் இசைவைப் பொருட்படுத்தாத போர்த்துக்கேய ஆட்சிக்கோ முறையான அபிஷேகம் இருந்தது. சத்திய நாளிலே மக்களை இழந்து நின்றது. ஒருவருக்கு இருந்தது மற்றவருக்கு இல்லை.

இப்பழைய வழக்கு அண்மைக் காலத்திலும் தொடர்ந்தது. 1930 செப்டம்பர் 20-ஆம் நாள் கொல்லத்தில் மார் இவானியோஸ், தம் அந்தியோக்கிய வழிபாட்டு முறையை விடாமலே உரோமையுடன் ஒன்றித்தார். 1932-இல் திருவனந்தபுரம் அவர்தம் மறைமாநிலத்தின் தலைமையிடமாயிற்று. 1953 ஜூலை 15-இல் அவர் மறைந்தார். அவர் சென்ற வழியை ஏற்றவரும் உண்டு, ஏலாதவரும் உண்டு.

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் தமிழன்பர்களே! நாமும் ஆங்காங்கே சங்கங்கள் அமைக்கிறோம், தலைவர்களை அமர்த்துகிறோம். முன்னோர் தந்த முறை மட்டும் இருந்து, உடனிருப்போரின் மனம் இல்லையெனில் நாற்காலி மிஞ்சும். மனம் மட்டும் இருந்து முறை இல்லையெனில், நாளை யார் தலைவர் என்னும் வழக்கு மிஞ்சும். இரண்டையும் ஒருசேரக் காப்பதே கண்காணியின் கடமை.