உதட்டில் ஏற்றியதை இறக்க முடியுமா?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊசி போட்டு உதட்டைப் பெரிதாக்குவது சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. எனக்கு முன் பேசியவர்கள் அதை இரண்டு பக்கமும் நன்றாகவே வெளுத்து வாங்கிவிட்டார்கள். நான் பேசப் போவது, போட்டாகிவிட்டது, பிடிக்கவில்லை, எப்படி எடுப்பது என்று தவிப்பவர்களைப் பற்றி. அவர்கள் இந்த நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள். வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள்.

நான் மருத்துவர் அல்ல. கேமரா முன் நிற்பவள். ஆனால் ஈப்போவில் ஒப்பனை அறைகளில் அதிக நேரம் செலவழிப்பதால் சில கதைகள் காதில் விழுகின்றன. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு பெண், தோழி சொன்னாள் என்று ஒரு வீட்டு வரவேற்பறையில் ஊசி போட்டுக்கொள்கிறாள். சில நூறு வெள்ளிதான். மறுநாள் உதடு வீங்கி நிற்கிறது. போட்டவரிடம் கேட்டால், "வா தங்கச்சி, அதைக் கரைக்கவும் என்னிடம் மருந்து இருக்கு" என்கிறார். அந்தப் பெண் மீண்டும் அங்கே போவதா வேண்டாமா? இன்றைய என் பேச்சே இந்த ஒரு கேள்விதான்.

பதில் சொல்வதற்கு முன் இன்னொன்று தெரிய வேண்டும். உதட்டுக்குள் போனது என்ன? "ஃபில்லர்" என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல. நிரப்புகிற எதற்கும் அதுதான் பெயர். முறையான கிளினிக்குகளில் உதட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலக் கூழ். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கும் வழவழப்பான பொருள்தான் அது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடம்பு அதைத் தினமும் கொஞ்சம் அழித்து, கொஞ்சம் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஃபில்லரில் இருப்பது சீக்கிரம் கரையாமல் இருக்க, அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கூழாக்குகிறார்கள்.

வீட்டில் போடுகிறவர் வைத்திருப்பது அதுதானா, அல்லது சிலிக்கோன் எண்ணெயா? பெட்டியைப் பார்க்காதவருக்குத் தெரியாது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். பால்மரத்துப் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்துவிட்டால், எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி பாலாகாது. சிலிக்கோன் அந்த ஜாதி. அதைக் கரைக்கும் ஊசி கிடையாது. ஹையலூரோனிக் கூழ் அகர் அகர் மாதிரி. உரிய வழியில் இளக்கிவிடலாம். கால்சியம் கலந்த சில ஃபில்லர்களும் உண்டு. அவற்றுக்கும் இந்தக் கரைப்பு ஊசி பலிக்காது.

கரைப்பது ஹையலூரோனிடேஸ் என்ற நொதி. புதிதாக வந்த அழகுச் சரக்கு அல்ல. திசுக்களுக்குள் மருந்து வேகமாகப் பரவ உதவும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1928இல் டுரான் ரெனால்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்டார். அதுதான் இது. கண் அறுவைக்கு முன் போடும் மரப்பு மருந்தோடு இதைச் சேர்ப்பது பழைய வழக்கம். தேனீயின் விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. அதனால் தேனீ, குளவி கொட்டி எப்போதாவது உடம்பு வீங்கி மூச்சு முட்டியவர்கள், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தாக வரும் நொதி பல நேரங்களில் ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கப்படுகிறது. மனித நொதியை ஆய்வகத்தில் உண்டாக்கிய வகையும் இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டு விஷயத்தில் மனம் ஒப்பாதவர்கள் நிறைய. கூச்சப்படாமல் கேளுங்கள், அது நியாயமான கேள்விதான்.

ஹாலிவுட் நடிகை கோர்ட்னி காக்ஸ் 2017இல் தன் முகத்து ஃபில்லர்களைக் கரைத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு கைலி ஜென்னர் உதட்டு ஃபில்லரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதைப் படித்துவிட்டு எடுப்பது நகப்பூச்சை அழிப்பது போல என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். திரும்பப் போகக் கூடாது. என்ன போட்டார் என்பதையே காட்டாதவர், எதைக் கொண்டு கரைக்கப் போகிறார்? ஒவ்வாமை வந்தால் அவரிடம் அட்ரினலின் இருக்கிறதா? நம் நாட்டில் இந்த வேலையைச் செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்த மருத்துவராக இருக்க வேண்டும். அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்றும் வேண்டும். பதிவு இல்லாமல் கிளினிக் நடத்துபவருக்கு 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி 300,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. குற்றவாளி நடத்தியவர்தான். ஊசி போட்டுக்கொண்ட பெண் தன்னையும் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து ஒளிய வேண்டியதில்லை.

அவசரமும் வேண்டாம். முதல் சில நாள்களில் தெரிவது பெரும்பாலும் வீக்கம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தால் பலருக்கு, "இவ்வளவுதானா" என்று ஆகிவிடும். உதட்டுக் கூழ் பொதுவாகச் சில மாதங்களில் தானாகவே குறையத் தொடங்கும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான்.

ஆனால் பொறுக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. கூழ் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ குழாயை அழுத்தினாலோ அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. உதடோ மேலே உள்ள தோலோ வெளுக்கும். அல்லது வலை பின்னியது போல ஊதா நிறம் படரும். வலி தாங்க முடியாமல் இருக்கலாம். சிலருக்கு வலி குறைவாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் உடனே திரும்பாது. அப்போது இரண்டு வாரக் கணக்கு செல்லாது, மணிக் கணக்குதான். தாமதித்தால் தோல் அழுகிப்போகும். பார்வை மங்கினால் நிமிடக் கணக்கு. போட்டவருக்குப் புலனத்தில் படம் அனுப்பி, "நாளைக்குச் சரியாகிவிடும்" என்ற பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஈப்போவில் இருப்பவர்கள் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மீன் சாப்பிட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வேறு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தாய்மார்களே, மகள் வந்து சொன்னால் திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு முதலில் காரை எடுங்கள்.

அவசரம் இல்லாதவருக்குக் கரைப்பது எப்படி நடக்கும்? பல மருத்துவர்கள் முதலில் கையில் ஒரு துளி போட்டு அரை மணி நேரம் வரை ஒவ்வாமை பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும் தோலைக் காப்பாற்ற வேண்டிய அவசரத்தில் அதற்கு நேரம் இருக்காது. பிறகு நொதியைக் கலந்து உதட்டில் சிறு சிறு ஊசிகளாகப் போடுவார்கள். வலிக்கும், எரியும். சில மணி நேரத்திலேயே இளகத் தொடங்கும். ஓரிரு நாள் வீக்கம் இருக்கும். ஒரே தடவையில் முடியும் என்று சொல்ல முடியாது. கட்டி கட்டியாக நிற்பதற்கு இரண்டாவது, மூன்றாவது தடவையும் தேவைப்படலாம். போட்ட உடனே எழுந்து வீட்டுக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பது நல்லது. நொதிக்கு வெளியிலிருந்து வந்தது, நம் சொந்தம் என்ற பேதம் தெரியாது. இரண்டையும் கொஞ்சம் கரைக்கும். நம் சொந்தத்தை உடம்பு திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

இணையத்தில் இந்த நொதியைக் குப்பியில் வாங்கிக் கண்ணாடி முன் நின்று தானே குத்திக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சுடுதண்ணீர் ஒத்தடம், அழுத்திப் பிதுக்குதல் இவையும் வேண்டாம்.

சிலிக்கோன் போனவர்களுக்கு நான் இனிப்பாக ஒன்றும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் கழித்தும் அது கட்டியாகத் திரளலாம். மருந்தால் அடக்கிப் பார்ப்பார்கள், சிலருக்கு அறுத்து எடுப்பார்கள், தழும்பு இருக்கும். தோல் நிபுணரையோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரையோ பார்க்க வேண்டும். அழகு நிலையத்தில் தீர்கிற காரியம் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது ஊசி போட்ட தேதி, எத்தனை ஊசி, காலிப் பெட்டி இருந்தால் அது, எல்லாம் கொண்டு போங்கள். முறையான ஃபில்லர் பெட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுத்தாள் இருக்கும். கூடவே, ஊசி போடுவதற்கு முன் எடுத்த படம் ஒன்று. கரைத்த பிறகு கண்ணாடியைப் பார்த்து, "என் உதடு முன்பைவிடச் சுருங்கிவிட்டதே" என்று அழுகிறவர்கள் உண்டு. பெரிய உதட்டுக்குக் கண் பழகிவிட்டதால் பல நேரம் அப்படித் தெரிகிறது. அடையாள அட்டையில் உள்ள படம் போதும், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.