திருநம்பியரும் ஹார்மோன் சிகிச்சையும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு மருத்துவம் என்றால் இரண்டு வகை உண்டு. காய்ச்சல், வயிற்றுவலி, கைகால் காயம் என்றால் தானா ராத்தா மருத்துவமனையோடு முடிந்துவிடும். அதற்கு மேற்பட்டதென்றால் மலையிலிருந்து இறங்க வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கோ, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கோ வளைந்து வளைந்து செல்லும் பாதையில் பாதி நாள் போய்விடும். ஒருவர் கீழே இறங்கினார் என்றால் லயத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. "என்ன உடம்புக்கு?" என்று நான்கு வீட்டிலாவது கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியாத ஒரு பயணத்தைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டு, பெண்ணாக வளர்க்கப்பட்டு, ஆனால் தம்மை ஆணாகவே உணர்ந்து வாழ்பவர்கள் உண்டு. தமிழில் அவர்களைத் திருநம்பி என்கிறோம். திருநங்கை என்ற சொல் நம் காதுக்குப் பழகிவிட்டது. திருநம்பி என்பது இன்னும் பலருக்குப் புதிது. தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் இந்தச் சொல்லும் இடம் பெற்றது. இது மனநோயா என்று கேட்பவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், இதை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படலாம் என்பதற்காக வேறோர் அத்தியாயத்தில் வைத்திருக்கிறது.

அந்த உதவிகளில் ஒன்றுதான் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோன். ஆண்களின் விரையில் மிகுதியாகவும் பெண்களின் உடலில் சிறிதளவும் சுரக்கும் பொருள் அது. எல்லாத் திருநம்பியரும் இதை எடுத்துக்கொள்வதில்லை. எடுக்காதவர் குறைந்தவரும் அல்லர். ஆனால் எடுக்க நினைப்பவர் அதை எப்படித் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

1935-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நூறு கிலோவிலிருந்து கிடைத்தது பத்து மில்லிகிராம் அளவுதான். அதே ஆண்டில் பூட்டனாண்ட், ருசிச்கா என்ற வேதியியலார் இருவர் தனித்தனியே இதைச் செயற்கையாகத் தயாரிக்க வழி கண்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1939-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒருவர் இந்த மருந்தைக் கேட்டு டாக்டர் ஜார்ஜ் ஃபாஸ் என்பவரிடம் போனார். அவர்தான் பின்னாளில் மைக்கேல் டில்லன் என்று அறியப்பட்டவர். ஆணாக வாழ்வதற்காக டெஸ்டோஸ்டெரோன் எடுத்துக்கொண்ட முதல் மனிதர் என்று வரலாற்றில் குறிக்கப்படுபவர் இவரே.

அவருக்கு என்ன நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டாக்டர் முதலில் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மனநல மருத்துவரோ கேட்டதை வெளியே பேசிவிட்டார். பேச்சு டில்லன் வேலை செய்த இடம் வரைக்கும் வந்துவிட்டது. அவர் அந்த வேலையை விட்டு ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். டாக்டரும் மாத்திரைகளைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மாத்திரை தன் வேலையைச் செய்தது. குரல் மாறியது, தாடி வந்தது. டில்லன் பிறகு டப்ளினில் மருத்துவம் படித்துக் கப்பல் மருத்துவராகவும் பணியாற்றினார். 1958-இல் பத்திரிகைகள் அவருடைய பழைய வாழ்க்கையைத் தோண்டி எடுத்தன. அவர் இந்தியாவுக்கு வந்து புத்த சமயத்தைத் தழுவி, லடாக்கில் ஒரு மடத்திலும் தங்கினார். 1962-இல் இமயமலை ஊரான டல்ஹௌசியில் காலமானார். மருந்து அவருக்குத் தீங்கு செய்யவில்லை. பிறருடைய வாய்தான் செய்தது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், தேயிலைத் தோட்டத்தின் நிலையும் அதுதான். லயத்து வீடுகளுக்கிடையே பலகைச் சுவர். காலையில் பெரட்டில் நின்றவர்கள் மாலைக்குள் ஒருவர் செய்தியை ஒருவர் அறிந்துகொள்வார்கள். 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும்தான் மிகுதி. ஆள் குறைந்ததால் மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் இன்னும் நெருக்கமாகப் பார்க்கிறார்கள். ஆகவே கிளினிக்கில் சீட்டு எழுதுபவராயிருந்தாலும், வேனில் ஏற்றிச் செல்பவராயிருந்தாலும், ஒருவருடைய மருத்துவச் செய்தி அவருடையது என்று மதிக்க வேண்டும். பேச்சுக்குப் பயந்துதான் பலர் மருத்துவரை விட்டுவிட்டு, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தருகிற ஊசி மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. கள்ளத்தனமாக வருவதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. உடம்பை முறுக்கேற்ற நினைப்பவர்கள் போடும் அளவு, ஒரு திருநம்பிக்கு வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. அதிகம் போட்டால் சீக்கிரம் மாறும் என்பதும் தவறான எண்ணம். மிஞ்சிய டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பே பெண்ணுக்குரிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.

முறையாகத் தொடங்குபவருக்கு மருத்துவர் முதலில் செய்வது பேசுவது. எவ்வளவு காலமாக இந்த உணர்வு, எதை எதிர்பார்க்கிறீர்கள், வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்பார். மனநல மருத்துவரிடமும் அனுப்பலாம். பிறகு இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், எடை. மலேசியாவில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையேதான் மிகுதி என்பதை நாம் அறிவோம்; ஆகவே சர்க்கரையும் கொழுப்பும் முதலிலேயே பார்க்கப்பட வேண்டும். பிற்காலத்தில் தமக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதும் அந்த முதல் பேச்சிலேயே வர வேண்டும். கருமுட்டையைச் சேமித்து வைக்கும் வழிகள் உண்டு, செலவு அதிகம். மருந்து தொடங்கிய பின் கேட்பதைவிட முன்னே கேட்பது நல்லது.

மருந்து பெரும்பாலும் தசையில் போடும் ஊசியாகத் தரப்படுகிறது. வாரத்துக்கொருமுறை அல்லது இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை போடுவது ஒரு வகை. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கொருமுறை போடும் நீண்டகால ஊசி இன்னொரு வகை. மலையிலிருப்பவருக்கு இரண்டாவது வசதி என்று நமக்குத் தோன்றினாலும், எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தோலில் தடவும் பசையும் உண்டு. அதைத் தடவியவர் கைகழுவாமல் குழந்தையைத் தூக்கினாலும், தடவிய தோல் குழந்தை மேல் பட்டாலும் மருந்து குழந்தைக்கும் போய்விடும்.

நம் மலைக்கே உரிய செய்தி ஒன்று. இந்த ஊசி மருந்து எண்ணெயில் கரைந்தது. குளிர் மிகுந்த இரவில் சிறு குப்பிக்குள் உப்புக்கல் போலத் துகள் படிந்திருக்கக் கண்டு, கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். சில வகைகளில் இது இயல்பே. உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேற உருட்டினால் கரைந்துவிடும். கரையாவிட்டால் போடக்கூடாது, மருந்து தந்தவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் மலையைச் சார்ந்ததே. டெஸ்டோஸ்டெரோன் இரத்தத்தில் சிவப்பணுக்களை மிகுக்கும். உயரமான இடத்தில் வாழ்வதும் சிறிதளவு மிகுக்கும். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் மேலே இருக்கிறது. புகைபிடித்தால் அதுவும் சேரும். சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் இரத்தம் தடித்து, உறையும் அபாயம் வரலாம் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்திப் பார்ப்பார். இதை வெளித் தோற்றத்தால் அறிய முடியாது. அதனால்தான் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கொருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையும் இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசியை எப்படியோ போட்டுக்கொண்டு, பஸ் செலவுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் பார்த்து இரத்தப் பரிசோதனையை விட்டுவிடுவதுதான் நாம் அஞ்சும் காரியம்.

மாற்றங்கள் எப்படி வரும்? தேயிலைக் கன்று நட்ட மறுமாதம் கொழுந்து எடுக்க முடியாதல்லவா? முதல் சில மாதங்களில் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் பருவும் வரும்; மாதவிலக்கு நிற்கும். குரல் சில மாதங்களில் கரகரத்து, ஓராண்டு இரண்டாண்டில் தடித்து நிலைக்கும். மீசை தாடி நிறைய நான்கைந்து ஆண்டுகளும் ஆகலாம். தசை வலுக்கும். தகப்பன் வழியிலோ தாய் வழியிலோ வழுக்கை உண்டென்றால் இவருக்கும் விழலாம். இதைக் கேட்டுச் சிரிக்கும் இளைஞர்கள் உண்டு, பிறகு சிரிப்பதில்லை. மார்பகம் இந்த மருந்தால் மறையாது. மருந்தை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பும், தசை குறையும். ஆனால் தடித்த குரலும் முளைத்த தாடியும் திரும்பிப் போகா. ஆகவே அவசரப்பட்டுத் தொடங்குவதற்கில்லை. மாதவிலக்கு நின்றதனால் கரு உண்டாகாது என்று நினைப்பதும் தவறு. இந்த மருந்து கருத்தடை அன்று. வயிற்றில் வளரும் கருவுக்கோ தீங்கு செய்யும்.

மார்பை இறுகக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காயத்துக்குக் கட்டும் பட்டைத்துணியால் கட்டக்கூடாது. அது மூச்சோடு சேர்ந்து விரியாமல் விலா எலும்பை அழுத்தும். அதற்கென்று தைத்த உள்ளாடையையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியாமல், உறங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இனி வீட்டைப் பார்ப்போம். நம் தமிழில் உறவுச் சொல் ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா என்று கேட்கிறது. நேற்றுவரை அக்கா என்றவர் இன்று அண்ணன் என்று சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவளுடைய பிள்ளைக்கு அவர் சித்தியாக இருந்தார்; இனி மாமன். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பது? தாய்மாமன் மடியில். இவர் மடியில் உட்கார வைக்கும் வீடும் இருக்கலாம். அன்றைக்கு மட்டும் இவரைக் கீழே பட்டணத்தில் இருக்கச் சொல்லும் வீடும் இருக்கலாம். பெற்றவளுக்கு இது எளிதன்று. "நான் பெத்த பொம்பளப் புள்ள எங்கே போச்சு?" என்று கேட்கும் தாயின் துயரத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளை எங்கும் போகவில்லை, எதிரேதான் உட்கார்ந்திருக்கிறது. வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால், திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். அழவும் வேண்டாம், ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அதை மாற்றித் தரக்கோரி ஒரு திருநம்பி தொடுத்த வழக்கில், கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். நந்த பாலன் 2016-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மானத்தோடு வாழ்வதும் அரசமைப்புச் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்பது அவர் கருத்து. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2014-இல் திருநர் தம் பாலினத்தைத் தாமே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. இங்கோ, தாடி வைத்த ஒருவர் கையில் பெண் பெயர் போட்ட அட்டையோடு பதிவு முகப்பில் நிற்க நேரிடும். எண்ணைச் சொல்லிக் கூப்பிடுமாறு முன்கூட்டியே தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான தாதியர் ஒத்துக்கொள்வார்கள். முஸ்லிம் அன்பர்களுக்கு 1982-ஆம் ஆண்டின் தேசிய பத்வாவும் மாநில ஷரியா சட்டங்களும் வேறு சிக்கல்களைத் தருகின்றன என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

முதன்முறை இறங்குபவர் அடையாள அட்டையையும், பழைய மருத்துவச் சீட்டுகளையும், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு, யாருக்காவது இரத்தம் உறைந்ததுண்டா என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்கிற சாக்கிலேயே மற்றதைச் சொல்லத் தொடங்கியவர்களும் இருக்கலாம். நம்பிக்கையான ஒருவர் துணைக்கு வந்தால் நல்லது. மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தோட்டத்தில் விடுப்புச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.