வென்டிலேட்டரை அகற்றுவது கொலையாகுமா?

 

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். நோயாளியே கேட்டாலும் மருத்துவர் நஞ்சு தந்து உதவுவதை மார்க்கம் ஏற்பதில்லை. இந்தியச் சட்டமும் அதைத் தற்கொலைக்கு உடந்தை என்றே கொள்கிறது. இதில் நமக்குள் வாதமில்லை.

நாம் தடுமாறுவது வேறிடத்தில். இனி மீளமாட்டார் என மருத்துவர்கள் கூறியபின் வென்டிலேட்டரை அகற்றச் சம்மதித்த பிள்ளைகளை, ‘வாப்பாவைக் கொன்றுவிட்டார்கள்’ என்று மையித்து வீட்டிலேயே பேசுகிறோமே, தகுமா? மீளவழியற்றவருக்குப் பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதை உலமாக்கள் பலர் அனுமதிக்கின்றனர். 1973 முதல் மும்பையில் நினைவிழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011-இல் உச்சநீதிமன்றமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தது. அத்தகைய சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் ஏற்றது. இரு சாட்சிகளுடன் நோட்டரி சான்றளித்தால் போதுமென 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது.

சொத்துக்கு வஸிய்யத் எழுதும்போதே (அதையும் எத்தனை பேர் எழுதுகிறோம்!) ஆலிம்களிடம் கேட்டு இதையும் எழுதிவைக்கலாம்.