நெய்யாற்றின் வழியே நடந்தோம்



விடுமுறை நாட்களில் நம் குடியிருப்பினர் நடந்துவரும் வழிகளைப் பற்றிச் சொல்லும்படி செயலாளர் பணித்தார். கணக்கேட்டைத் தவிர வேறொன்றையும் புரட்டாத எங்களுக்கு இது ஒரு சோதனைதான்!

பாறசாலைக்கு மேற்கே பூவாறு. நெய்யாறு அரபிக்கடலை அடையும் இடம் அது. கோடையில் ஆறு மெலியும்போது அலைகள் மணலைக் குவித்து முகத்தை அடைத்துவிடும். மழை பெருகியதும் ஆறு அதனை உடைத்துப் பாயும். இதனைப் பொழி என்பர். உவர்ச் சேற்றில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. சிறுவரும் மணலில் தாராளமாக நடக்கலாம்; நீரில் மட்டும் இறங்கலாகாது, இழுப்பு மிகுதி.

வடக்கே, 1958-இல் கட்டி முடித்த நெய்யாற்று அணை. அதற்கப்பால் மழைக்காடு; வனத்துறையின் அனுமதி வேண்டும், அட்டைக்கு உப்பும் வேண்டும். 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் மலையைக் கீழிருந்தே வணங்கினோம்.

திரும்புகையில் எல்லை கடந்து, இடதுகரைக் கால்வாயின் ஓரமாக நடந்தோம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பின்னர் வந்த கால்வாய் நீரோ இரு பக்கமும் பாய்ந்தது. 2004 முதல் விளவங்கோட்டிற்கு அது வரவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளது.

மணமாகி வந்த புதிதில் அக்கால்வாயில் துணி துவைத்த பாட்டியார் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். படியில் அமர்ந்து, அடியில் முளைத்திருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை, “பாட்டி, தண்ணீர் எதுவரை வரும்?” என்றான். அவர் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.