கூதிர்க்காலமும் குழந்தைகளும்

(ஆண்டு விழாவின் பிற்பகல் நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



குடும்ப வாழ்வைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். பெரும்பொருள் அது. நானோ புலவன் அல்லேன். அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆதலால் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தில்லியில் மழை ஓய்ந்தபின், குளிர் வருமுன், நமக்குக் கிடைக்கும் சில வாரங்களில் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். தமிழகத்தில் அது அடைமழைக் காலம். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வதே. அங்கே பிள்ளைகள் சன்னலருகே நின்று மழையை வேடிக்கை பார்க்கும் அதே நாட்களில், இங்கே வானம் துடைத்து வைத்தாற்போல் விளங்குகின்றது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் தில்லியை விட்டு விலகிவிடுகின்றது. வெயிலின் கடுமை தணிகின்றது. வடநாட்டார் இதனைச் சரத்காலம் என்று போற்றுகின்றனர்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய பள்ளிப் புத்தகத்தில் இப்பருவத்திற்கு ஒரு படம் இருந்தது. மஞ்சள் இலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கும் ஒரு மரம் அது. 'இலையுதிர் காலம்' என்று நானும் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நம் தெருவில் ஓர் இலைகூட விழவில்லையே, அப்பா?" என்றாள். நான் திகைத்தேன். பல ஆண்டுகளாக அதே தெருவில் நடந்தவன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை! குளிர்நாட்டு மரங்கள் பனிக்கு முன்னே இலையுதிர்க்கின்றன. தில்லியின் வேம்பும் அரசும் கோடையை எதிர்நோக்கி, மாசி பங்குனியிலேதான் உதிர்க்கின்றன. புத்தகம் சொன்னது வேறொரு நாட்டின் பருவம். நம் பருவத்தை அறிய வேண்டுமானால் வீதிக்குத்தான் செல்லவேண்டும்.

அடுத்த ஞாயிறு காலையில் அவளைக் குடியிருப்பின் பூங்காவிற்கு அழைத்துச் சென்றேன். ஒரு மரத்தடியில், வெண்ணிற இதழும் செந்நிறக் காம்புமாகச் சிறு பூக்கள் உதிர்ந்து கிடந்தன. அவள் மண்டியிட்டுப் பொறுக்கத் தொடங்கினாள். அங்கிருந்த இந்திக்கார மூதாட்டி, "இது ஹர்சிங்கார்" என்றார். வங்காளத்து அம்மையார், "எங்கள் ஊரில் ஷியூலி" என்றார். குழந்தை என் பக்கம் திரும்பி, "அப்பா, நாம் என்ன சொல்வோம்?" என்று கேட்டாள். எனக்கு நினைவு வரவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அன்று மாலை ஊரிலிருக்கும் என் அன்னையிடம் தொலைபேசியில் கேட்டேன். "பவழமல்லியடா! நம் கொல்லையில் கிணற்றடியில் நின்றதே, மறந்துபோனாயா?" என்றார். பிறகு பேத்தி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். வழக்கமாக அவள் பாட்டியிடம், "நன்றாக இருக்கிறேன் பாட்டி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அன்றோ, எத்தனை பூப் பொறுக்கினாள், எப்படி மணத்தது, மாலைக்குள் ஏன் வாடியது என்று பேச்சு நீண்டுகொண்டே சென்றது. அவளுக்குத் தமிழில் பேச மனமில்லை என்று அதுவரை எண்ணியிருந்தேன். பேசுவதற்குப் பொருள் இல்லாதிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்பர்களே! ஒரு நாளில் நாம் குழந்தைகளிடம் பேசும் தமிழை எண்ணிப் பாருங்கள். எழுந்திரு, பல் துலக்கு, பாலைக் குடி, வண்டி வந்துவிட்டது, பாடத்தைப் படி, விளக்கை அணை! அத்தனையும் கட்டளை. கட்டளையிடுவதற்கு மட்டுமே பயன்படும் மொழியில் எந்தக் குழந்தை தன் மகிழ்ச்சியைச் சொல்லும்? பள்ளியின் மீதும் அயல்மொழியின் மீதும் பழி சுமத்துமுன், நம் வீட்டுப் பேச்சை நாமே சோதித்துக்கொள்வது நன்று.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு குப்பி நீரும் போதும். லோதித் தோட்டத்திற்குக் கட்டணமில்லை. அங்கே 1444ஆம் ஆண்டில் எழுந்த முகம்மது ஷாவின் கல்லறை எட்டுப்பட்டை வடிவினது. வரலாறு சொல்லத் தொடங்காமல், குழந்தையைச் சுற்றி வந்து பக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். புல்வெளியில் வாலை அசைத்துக்கொண்டே ஓடும் வாலாட்டிக் குருவியைக் காட்டுங்கள். அதுவும் நம்மைப்போல் வெளியூரிலிருந்து வந்து தங்குவதுதான். அக்டோபர் மாத இரவுகளில் தில்லி வீதிகளில் கமழ்வது ஏழிலைப்பாலை. அதன் இலைகள் ஏழு ஏழாகத்தான் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கட்டும். ஆறும் எட்டும்கூடக் கிடைக்கும். முற்காலத்தில் பள்ளிச் சிறுவரின் எழுதுபலகைக்கு அம்மரம் உதவியது என்றும் சொல்லுங்கள்.

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். குழந்தையின் நடைக்கு நாம் நடக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஊரிலுள்ள பெரியவர்களைக் கேட்கவேண்டும். கேட்பதனால் அவர்களும் மகிழ்வார்கள்.

இதில் காலந்தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணமும் உண்டு. அக்டோபர் இறுதிக்குள் அறுவடை வயல்களில் தாளை எரிக்கும் புகை, வண்டிகளின் புகை, பட்டாசுப் புகை ஆகிய யாவும் சேர்ந்து, குளிர்ந்து அசையாத காற்றில் தங்கிவிடுகின்றன. ஆதலின் புறப்படுமுன் காற்றின் தர எண்ணைப் பாருங்கள். அது 200ஐத் தாண்டினால் 'மோசம்' என்பது அரசின் வகைப்பாடு. அன்று குழந்தைகளை வெளியே ஓடியாட விடாதிருப்பதே அறிவுடைமை. ஆக, நல்ல வானம் நமக்கு வாய்ப்பது ஏறக்குறைய ஐந்து வாரம், ஐந்து ஞாயிறு!

குழந்தைப் பருவமும் அத்தகையதே. நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது என்ன?" என்று கேட்கும் ஆண்டுகள் மிகச் சில. என் மகள் இன்று தன் தோழியரோடுதான் உலாவச் செல்கிறாள். ஆயினும் புரட்டாசி பிறந்தால் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, "இங்கே பவழமல்லி பூத்துவிட்டது" என்று தமிழில் சொல்ல அவள் மறப்பதில்லை.

வருகின்ற ஞாயிறு காலை உங்கள் பிள்ளைகளோடு வீதிக்கு வாருங்கள்.