பனிச்சாலையில் ஒரு பூந்தமல்லி டிரைவர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுப்பா" என்று சொல்லிவிட்டார் செயலாளர். உங்களில் பலர் கனடா, அமெரிக்கா என்று கிளம்பப் போகிறீர்கள். விசா, ஃபீஸ் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் கார் ஓட்டுவது பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அதையே பேசுகிறேன்.

நான் வண்டி பழகியது பூந்தமல்லி டிரங்க் ரோட்டில். அங்கே ஓட்டியவன் உலகத்தில் எங்கேயும் ஓட்டுவான் என்று ஒரு மிதப்பு. டொரான்டோவில் முதல் பனிக்காலம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். செக்கப்புக்காக ஸ்கார்பரோவில் போய்க்கொண்டிருந்தோம். பனி கொட்டவில்லை. ரோடு ஈரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு சின்னப் பாலத்தில் ஏறியதும் முன்னால் போன காரின் பிரேக் விளக்கு எரிந்தது. நானும் பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடித்தேன். பழக்கதோஷம், ஹாரனும் அடித்தேன். யாருக்கு அடித்தேனோ! கார் தட்டாமாலை சுற்றி, பாலத்தின் தடுப்பில் பக்கவாட்டில் இடித்து நின்றது. மனைவி எதுவும் பேசவில்லை. வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அசைவு தெரிய இருபது நிமிஷம் ஆயிற்று. அந்தக் குழந்தைதான் அதோ, மூன்றாவது வரிசையில் பாட்டி மடியில் தூங்குகிறாள்.

நான் மாட்டிக்கொண்டதற்குப் பெயர் 'ப்ளாக் ஐஸ்'. நிறம் கறுப்பல்ல. கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டி. அடியிலுள்ள தார் அப்படியே தெரியும். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று அடிப்பதால், தரையில் போகும் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும். மைனஸ் 20 டிகிரியை விடப் பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் அதிகம் வழுக்கும்.

மெக்கானிக்ஸ் பேப்பரில் உராய்வுக் கணக்கு எல்லோரும் போட்டவர்கள்தானே? 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த தார் ரோட்டில் (கெழு 0.7) கார் சுமார் 20 மீட்டரில் நிற்கும். மழை ஈரத்தில் (0.4) 35 மீட்டர். பனிக்கட்டியில் (0.1) 140 மீட்டருக்கு மேல்! இந்தக் கணக்கில் நான் முழு மார்க் வாங்கியவன். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கிட்டா போதும்" என்பார்கள். அது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. டயர்தான் முக்கியம். சாதா டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படியே கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, அதனால் நானும் காசை மிச்சம் பிடித்தேன். வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. பனியில் வண்டி சிக்கிக்கொண்டால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் சைலன்சர் வாயில் அடைத்த பனியைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறி ஆளையே கொன்றுவிடும்.

அப்புறம் நண்பர் ஒருவர் என்னை ஆளில்லாத பார்க்கிங் மைதானத்துக்கு ஞாயிறுதோறும் கூட்டிப்போனார். வேண்டுமென்றே வழுக்கவிட்டுப் பழகினேன். ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், பெடல் அதிர்ந்தாலும் பயப்படக் கூடாது. பின்பக்கம் வலப்புறம் ஓடினால் ஸ்டியரிங்கையும் மெதுவாக வலப்புறமே திருப்ப வேண்டும். கண் மோதப்போகும் சுவரைப் பார்க்காமல் போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் காலுக்கும் கைக்கும் படிய நான்கு ஞாயிறு பிடித்தது.

நேற்று மாலை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேசான தூறல். தூசியும் எண்ணெயும் கரைந்து சி.டி.ஹெச். ரோடு பளபளவென்றிருந்தது. பைக் ஓட்டிய என் பழைய கிளாஸ்மேட்டிடம், "மெதுவாப் போடா" என்றேன்.

"இது என்ன கனடாவா?" என்றான்.

திருமுல்லைவாயல் வரும்வரை அவன் சட்டையை விடவேயில்லை நான்.